சக்ஸீட்: வெற்றியும் வாரிசும்

ஆங்கிலத்தில் 'சக்ஸீட்' என்னும் வினைச்சொல் இரண்டு வேலை செய்கிறது. எடுத்த காரியத்தில் வெற்றி பெறுவதையும் குறிக்கும். ஒருவருக்கு அடுத்து அவர் இடத்துக்கு வருவதையும் குறிக்கும். பள்ளியில் முதல் பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், ஆங்கிலச் செய்தித்தாளைப் பிரிக்கும்போது இரண்டாவது பொருளில் இடறுகிறார்கள்.

தேனி மாவட்ட அரசியல் வரலாற்றிலேயே இதற்குத் தெளிவான உதாரணம் இருக்கிறது. ஜெயலலிதா முதல்வராக நியமிக்கப்பட்டது செல்லாது என்று 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். இதை ஆங்கிலத்தில் 'பன்னீர்செல்வம் சக்ஸீடட் ஜெயலலிதா' என்று எழுதுவார்கள். அவரை வென்றார் என்று புரிந்துகொண்டால் செய்தியே தலைகீழாகிவிடும். அந்த வாக்கியத்தில் முதலில் நிற்பவர்தான் காலத்தால் பின்னவர். 'ஜெயலலிதாவுக்குப் பிறகு பன்னீர்செல்வம்' என்று முன்னவரை முதலில் சொல்லிப் பழகிய நமக்கு இந்த வரிசை குழப்பத்தான் செய்யும். 'ஜெயலலிதா வாஸ் சக்ஸீடட் பை பன்னீர்செல்வம்' என்று செயப்பாட்டு வினையாக்கினால் வரிசை நேராகிவிடும்.

அடுத்த ஆண்டே இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. 2002-இல் அதே மாவட்டத்தின் ஆண்டிபட்டியில் நடந்த இடைத்தேர்தலில் ஜெயலலிதா வென்றார்; மார்ச் 2 அன்று மீண்டும் முதல்வரானார். ஆண்டிபட்டியில் அவர் 'சக்ஸீடட் இன் வின்னிங்'. கோட்டையில் 'சக்ஸீடட் பன்னீர்செல்வம்'. ஒரே ஆள், ஒரே வினை, இரண்டு பொருள். அடுத்து வரும் சொல்தான் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. வெற்றியென்றால் 'இன்' வரும், அதன்பின் 'இங்' விகுதியுடன் வினை வரும். 'சக்ஸீடட் டு வின்' என்பது தவறு. தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் பிழையும் இதுதான். பதவிக்கு வந்தவர் என்றால் முன்னவரின் பெயர் நேராக வரும். அரியணை, பட்டம் போன்றவற்றுக்கு மட்டும் 'டு' உண்டு.

இரண்டு பொருளும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. 'நெருங்கிப் பின்னால் செல்' என்பது அதன் கருத்து. ஒரு செயலைத் தொடர்ந்து வருவது அதன் விளைவு. நல்ல விளைவு வெற்றி. 16ஆம் நூற்றாண்டில் 'சக்ஸஸ்' என்றால் வெறும் விளைவுதான். அது நல்லதா கெட்டதா என்பதை அடைமொழி போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

பெயரடையில் இந்த இரண்டும் தனித்தனியே பிரிந்துவிட்டன: வெற்றிக்கு 'சக்ஸெஸ்ஃபுல்', தொடர்ச்சிக்கு 'சக்ஸெஸிவ்'. இரண்டுக்கும் உதாரணம் முல்லைப் பெரியாறு அணை. அதை 1887-இல் கட்டத் தொடங்கியபின், ஆற்று வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் விடவில்லை. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. அந்த விடாமுயற்சியின் பலன் 'சக்ஸெஸ்ஃபுல்'. அந்தத் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நடக்கிறது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூனில் தண்ணீர் திறக்கிறார்கள்; அறுப்பு முடிந்ததும் இரண்டாம் போகத்துக்கு நாற்று விடுகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வரும் இந்தப் போகங்கள் 'சக்ஸெஸிவ்'. விளைச்சல் பொய்த்தாலும் அவை சக்ஸெஸிவ்தான்.

சட்டத்தில் இரண்டாம் பொருளுக்கே ஆட்சி. அணைக்கு 1886-இல் திருவிதாங்கூர் 999 ஆண்டுக் குத்தகை தந்தது. அன்று கையெழுத்திட்ட அரசுகள் இன்று இல்லை. அவற்றின் உரிமையும் கடமையும் பெற்று நிற்பவை 'சக்ஸெஸர்' மாநிலங்கள். வீட்டு அளவிலும் இந்தச் சொல் வரும். தாசில்தார் தருவது வாரிசு சான்றிதழ். இறந்தவருக்கு வர வேண்டிய கடன், பங்குப் பத்திரம் போன்றவற்றைப் பெற, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் தருவதே 'சக்ஸெஷன் சர்டிஃபிகேட்'. இரண்டும் ஒன்றென்று நினைத்து ஒன்றுக்கு மற்றொன்றைக் கொண்டுபோகிறவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.