அத்தை வந்த கப்பல்

பிள்ளைகள் கடல் பார்க்கணும் என்று நச்சரித்ததால் 2025 மே மாதம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய் வந்தோம். கோயிலும் தீர்த்தமும் சகோதரிகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது என் மாமியாரைப் பற்றி.

எங்கள் ஊர் அறந்தாங்கி பக்கம். அத்தை பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். தாத்தா காலத்தில் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து பிழைக்கப் போன குடும்பம். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில் 1974-ல், 12 வயதில் அத்தை கப்பலேறி வந்தார். அதற்கப்புறம் ராமேஸ்வரம் பக்கமே போனதில்லை. ஆடி அமாவாசைக்குத் தெருவே வேன் பிடித்துப் போகும். அத்தை மட்டும் "முழங்கால் வலிக்குது" என்பார். இந்தத் தடவை, "அப்பாயி வந்தாத்தான் நானும் வருவேன்" என்று என் மகள் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள்.

விடியற்காலையில் புளிசாதமும் இட்லி மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு கொழுந்தனார் வண்டியில் கிளம்பினோம். நாகுடி வழியாகக் கட்டுமாவடி போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். கடற்கரைச் சாலை என்று பேர்தான், பாதி தூரம் கடல் கண்ணிலேயே படாது. பனை மரமும் சீமைக் கருவேலும்தான். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் தாண்டித் தொண்டி வரும்வரை மகன் "கடல் எங்கே, கடல் எங்கே" என்று பிராணனை வாங்கினான். தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பார்த்து, அங்கேயே பலகாரத்தை முடித்தோம். அத்தை அரை இட்லிக்கு மேல் தொடவில்லை.

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் தீவுக்குள் போக வர ரயில்தான். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைப் பார்த்ததும், அதுவரை வாயே திறக்காத அத்தை, "இதுலதான் எங்களைக் கோச்சியில ஏத்தி மண்டபம் கேம்புக்குக் கொண்டு போனாங்க" என்றார். ரயிலை அவர் இன்றும் கோச்சி என்றுதான் சொல்வார். பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். பிள்ளைகள் அதைப் பார்க்க, அத்தை பழசையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அரிச்சல்முனையில் ஒதுங்க நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் அவசியம். ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறு பக்கம் சீறுகிற ஆண் கடல். 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் தலைமன்னார்க் கப்பல் தனுஷ்கோடிக்குத்தான் வரும். புயல் ஊரையே அழித்த பிறகு ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். அத்தை வந்தது அதற்கப்புறம், 'ராமானுஜம்' என்ற கப்பலில்.

மகனின் செல்போனில் இலங்கை சிக்னல் வந்துவிட்டது. "அப்பாயி, உங்க ஊரு கூப்பிடுது" என்றான் விளையாட்டாக. அத்தை மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் சொன்னார். அத்தைக்கு ஓர் அக்கா உண்டாம். கல்யாணமாகி ஒரு வருஷம். மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்ததால் அக்கா தங்கிவிட்டார். இப்படி ஆட்களை ஏற்றி வந்த ரயிலுக்கே 'அழுகைக் கோச்சி' என்று பேராம். ஹட்டன் ஸ்டேஷனில் வண்டி நகர்ந்ததும் அக்கா கூடவே ஓடி வந்து, ஜன்னல் வழியாக ஒரு கச்சான் பொட்டலத்தை மடியில் போட்டாராம் (கச்சான் என்றால் நம் வேர்க்கடலை). "கப்பல்ல எல்லாரும் வாந்தி. நான் அந்தப் பொட்டலத்தை நெஞ்சோட வச்சிருந்தேன். மண்டபத்துல வந்து பிரிச்சா எல்லாம் நமுத்துப் போச்சு. ஆனாலும் தின்னேன்" என்றார். 1983 கலவரம் வரை கடிதம் வந்ததாம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

பதினாறு வருஷம் ஒரே அடுப்பில் சமைக்கிறோம். எனக்கு இது தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், மறைப்பானேன்? ஊரில் அத்தையைச் 'சிலோன்காரி' என்பார்கள். கல்யாணமான புதிதில் ஏதோ சண்டையில் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர் பதிலே பேசாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்றைக்கு மணலில் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு" என்றேன். "எந்த அன்னிக்கு?" என்றார். மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்தாரா, தெரியவில்லை.

திரும்பும்போது மகள் நோட்டை எடுத்து அக்கா பெயர், அவர் வீட்டுக்காரர் பெயர், தோட்டத்தின் பெயர், எத்தனையாவது லயம் என்று எல்லாம் எழுதிக்கொண்டாள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. "அதுல போகலாமா?" என்று அத்தை கேட்டார். என் வீட்டுக்காரர் முதலில், "இத்தனை வருஷம் கழிச்சு எங்கேன்னு தேடுறது?" என்றார். மறுநாள் அவரே பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்து வந்தார்.

சிக்கல் அங்கேதான். அத்தையின் பெயர் இலங்கைப் பத்திரத்தில் ஒரு மாதிரி, இங்கே ரேஷன் கார்டில் வேறு மாதிரி. தாயகம் திரும்பியோர் குடும்பத்தில் இப்படிப் பெயரைத் திருத்திப் பாஸ்போர்ட் வாங்கிய சகோதரிகள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அத்தைக்கு 63 வயது. அக்கா அவரைவிட ஏழு வயது மூத்தவர்.

- ஒரு வாசகி, அறந்தாங்கி