பூப்புக்குப் பின் தொடங்கும் தலைவலி
வளரிளம் பருவம் – 9

பத்து வயதுக்கு முன் ஒற்றைத் தலைவலி ஆண், பெண் பார்ப்பதில்லை. இருபாலரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. பெண் வயசுக்கு வந்த பிறகு கணக்கு மாறுகிறது. வளர்ந்த பெண்களிடம் இந்த வலி ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

மாதவிலக்குக்கு ஓரிரு நாள் முன்பு ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. இந்த இறக்கம்தான் தலைவலிக்குக் காரணமா என்று சாமர்வில் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1972-இல் சோதித்தார். மாதவிலக்கை ஒட்டித் தலைவலி வரும் பெண்களுக்கு அந்த நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார். ரத்தப்போக்கு வழக்கம்போல் வந்தது. தலைவலி மட்டும் தள்ளிப்போனது. தலைவலியைக் கிளப்பியது ரத்தப்போக்கு அல்ல, ஹார்மோனின் இறக்கம்தான் என்பது அப்போது புரிந்தது. விலக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை வரும் வலிக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. ஆகவே, "ஸ்கூலுக்கு மட்டம்போட சாக்கு" என்று சொல்லி அந்த நாட்களில் தலைவலிக்கும் பெண்ணை நோகடிக்காதீர்கள்.

ஹார்மோனோடு பசியும் தூக்கக் குறைவும் சேர்ந்தால் வலி முந்திக்கொள்ளும். நம் வட்டாரச் சாப்பாட்டு நேரத்தையே பாருங்கள். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூர், ஜினகாஞ்சி மடம் அமைந்த ஊர். தமிழ்ச் சமணர்களின் தலைமையிடம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது சமண மரபு. அதில் குறையில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை, காலையில் வெறும் டீயோடு பஸ் ஏறினால் மதியச் சாப்பாடு வரை பதினெட்டு மணி நேரம் ஓடிவிடுகிறது. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். சரியாகத் தலைவலி தொடங்கும் வயதில், காலைச் சாப்பாடு வீட்டின் பொறுப்பாகிறது.

வீட்டுக் காலண்டரில் விலக்கு நாளையும் தலைவலி நாளையும் மூன்று மாதம் குறித்து வையுங்கள். வயசுக்கு வந்த முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் விலக்கு ஒழுங்காக வராது. அதனால் தொடர்பு உடனே தெரியாமல் போகலாம். பிள்ளைகளுக்கு வலி நெற்றியின் இருபுறமும் வரலாம், இரண்டு மணி நேரத்திலேயே அடங்கியும் விடலாம். அதுவும் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம்.

வலி தொடங்கியதுமே, மருத்துவர் எடைக்கேற்பச் சொன்ன மாத்திரையைக் கொடுத்து இருட்டறையில் படுக்க விடுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதத்தில் பாதி நாள் போட்டால், மாத்திரையே தலைவலியைத் தரும். தினசரித் தடுப்பு மருந்துகளும் மந்திரமல்ல. 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அமிட்ரிப்டிலின், டோபிராமேட் இரண்டுமே மருந்தில்லாத வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, வலிப்பு, பார்வை மங்கல், விடியற்காலையில் எழுப்பும் வாந்தி, திடீரென மண்டையைப் பிளக்கும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ உடனே போங்கள்.

மற்ற நாட்களில் உங்கள் பெண் சொல்வதை நம்புங்கள். அம்மாவும் டீச்சரும் நம்பினால்தான் ஒரு பெண் வலியை மறைக்காமல் முதல் மணி நேரத்திலேயே சொல்வாள். மருந்து நன்றாகக் கேட்பதும் அந்த நேரத்தில்தான்.

அடுத்த வாரம்: விலக்கு நாட்களின் வயிற்றுவலி.

(தொடரும்)