மலைச்சாலைக்கு ஏற்ற பழைய கார்: வாங்குமுன் அறிய வேண்டியவை

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால், அது துரையின் பங்களா வாசலில் நிற்கும் பொருளாகவே இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. கம்போங் ராஜா வட்டாரத்தில் லயங்களின் முன்னும் கார்கள் நிற்பதைக் காண்கிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், நோயுற்றோரைத் தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், ஈப்போவில் உள்ள உறவினரைப் பார்த்து வரவும் சொந்த வாகனம் இன்றியமையாததாகிவிட்டது.

புதிய கார் வாங்க எல்லாராலும் இயலாது. எனவே நம் இளைஞர்களுள் பலர் பழைய ஜப்பானியக் காரை வாங்கி, அதில் சிறு மாற்றங்கள் செய்து ஓட்ட விரும்புகின்றனர். இவ்விருப்பம் தவறானதன்று. ஆனால் ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?’ என்று கேட்டனர் நம் முன்னோர். மலையில் வாழ்வோர் காரைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு விரைவாக ஓடும் என்பதைவிட, எவ்வளவு நம்பிக்கையாக நிற்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இளைஞர் ஒருவரின் அனுபவம்

கம்போங் ராஜாவில் நாம் சந்தித்த தோட்டத்து இளைஞர் ஒருவர் தம் அனுபவத்தைக் கூறினார். சமவெளி நகரொன்றில் அவர் ஒரு பழைய காரை வாங்கினார். பளபளக்கும் பெரிய சக்கரங்களும், தரையைத் தொடுவது போன்ற தாழ்ந்த உருவமும் அவரைக் கவர்ந்தன. தைப்பூசத்தன்று பெற்றோரையும் தங்கையரையும் ஏற்றிக்கொண்டு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் புறப்பட்டார். சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தபடியே சென்றார். பாதி வழியில் கருகிய வாடை வீசியது. சற்று நேரத்தில் பிரேக் மிதி தரைவரை இறங்கிவிட்டது. கியரைத் தாழ்த்திக் கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்க ஓரத்தில் ஒருவாறு காரை நிறுத்தினார். எவருக்கும் காயமில்லை. ஆயினும் அவருடைய தாயார் அதன் பின்னர் நெடுநாள் அக்காரில் ஏற மறுத்துவிட்டாராம்.

பட்டறையில் பார்த்தபோது பிரேக் எண்ணெய் கறுத்துக் கிடந்தது. முன்சக்கரப் பிரேக் கட்டைகள் தேய்ந்து போயிருந்தன. சக்கரங்களுக்குச் செலவிட்ட பணத்தில் ஒரு சிறு பகுதி அவற்றிற்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

இவ்வாறு நேர்வதன் காரணம் எளியது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ‘டாட் 4’ வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 பாகையாகக் குறைந்துவிடலாம். நெடிய இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் உண்டாகும். மிதியின் அழுத்தம் அக்குமிழிகளை நசுக்குமேயன்றிச் சக்கரத்தைச் சென்றடையாது. ஆதலின் ஈராண்டுக்கு ஒருமுறை இவ்வெண்ணெயை மாற்றுவது நலம். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்கி, இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்த விட வேண்டும்.

எந்தக் காரை வாங்கலாம்?

நம் மலைக்கு வரும் இரு பெருஞ்சாலைகளுள் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக வரும் பழைய சாலை குறுகலும் வளைவும் நிறைந்தது. சிம்பாங் பூலாய்ச் சாலை அகலமானது. அகலமாக இருப்பதனாலேயே அங்கு வேகம் நம்மை அறியாமல் கூடிவிடுகிறது. இரண்டிலும் மழையும் மூடுபனியும் உண்டு. மேலும் ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத இயந்திரம் தன் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. எனவே ஐவர் ஏறும் காருக்கு 1,500 சி.சி. இயந்திரம் பொருத்தமானது. தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் காருக்குரிய சாலை வரியும் இவ்வளவிற்கு ஆண்டொன்றுக்கு 90 வெள்ளிதான். 1,800 சி.சி. என்றால் அது 280 வெள்ளியாக உயர்கிறது.

1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு உருவானது. 1993இல் வந்த வீராவும் அவ்வழியினதே. ஆகவே ஜப்பானிய அமைப்பிலான இயந்திரங்கள் நம் பட்டறைக்காரர்களுக்குப் பழக்கமானவை. பழைய கார்களுள் டொயோட்டா வியோஸ், ஹோண்டா சிட்டி, நிஸ்ஸான் அல்மேரா ஆகியவற்றைப் பலர் நாடுகின்றனர்.

வியோஸ் நம் நாட்டில் 2003இல் அறிமுகமாயிற்று. 2007, 2013 ஆகிய ஆண்டுகளில் புதிய வடிவம் பெற்றது. 2016இல் சி.வி.டி. வகைக்கு மாறும்வரை அதன் தானியங்கி வண்டிகளில் நான்கு கியர்கள் கொண்ட சாதாரணப் பெட்டியே இருந்தது. சிட்டி காரில் 2003ஆம் ஆண்டு வகையும் 2014ஆம் ஆண்டு வகையும் சி.வி.டி. கொண்டவை, இடையில் 2008 இறுதி முதல் விற்கப்பட்ட வகை ஐந்து கியர் தானியங்கி. 2012இல் வந்த அல்மேராவில் நான்கு கியர் தானியங்கி உண்டு. பழைய சி.வி.டி. பெட்டியை வாங்குவோர், அதன் எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்பட்டதற்கான பட்டறைச் சீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். மலை ஏற்றம் அத்தகைய பெட்டிக்குக் கடும் சோதனையாகும்.

பார்த்து வாங்கும் முறை

காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே காரைப் பார்க்கச் செல்லுங்கள். முன்னரே சூடேற்றி வைத்த இயந்திரம் தன் குறையை மறைத்துவிடும். முடுக்கியவுடன் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அறியலாம். தானியங்கிப் பெட்டியில் கியரை மாற்றியதும் வண்டி தாமதித்து அதிர்வுடன் நகர்ந்தால், அதை வாங்காதிருப்பதே மேல். ஈப்போவில் வாங்குவோர் சமதரையில் ஓட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. உரிமையாளரின் இசைவுடன் சிம்பாங் பூலாய் ஏற்றத்தில் சிறிது தூரம் ஏறி இறங்க வேண்டும். வெப்பமானியின் முள் உயர்கிறதா, பிரேக் பிடிக்கையில் கைச்சக்கரம் நடுங்குகிறதா என்பன அங்கேதான் தெரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களைக் குறித்தும் எச்சரிக்கை தேவை. 2013 அக்டோபர் 23இல் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் கார்களை அடித்துச் சென்றதை நம் மலைமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளிலும் எண்ணற்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பாருங்கள்; அடியில் சேற்றுக்கறை இருக்கும். இருக்கையின் அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்தில் துருவும், கம்பளத்தில் புழுங்கல் வாடையும் காணப்படும்.

காரின் சட்டக எண்ணும் இயந்திர எண்ணும் உரிமைப் பத்திரத்தில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். உரிமை மாற்றத்திற்கென நடைபெறும் ‘பி-5’ பரிசோதனையில் காரைத் தேறச் செய்யுமாறு விற்பவரிடம் வற்புறுத்துங்கள். வங்கிக் கடனோ சம்மனோ நிலுவையில் உள்ளதா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவில் உங்கள் பெயர் பதிவாகும்வரை முழுத்தொகையையும் கொடுத்துவிடாதீர்கள். கைப்பணம் முழுவதையும் காரின் விலைக்கே செலவிடாமல், ஐந்தில் ஒரு பங்கையேனும் முதற்கட்டப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்குவது அறிவுடைமை. குறைப்பணத்திற்காக வட்டி முதலைகளை நாடுவோர் காரையும் இழந்து நிம்மதியையும் இழப்பர்.

எந்த மாற்றம் நன்மை தரும்?

மாற்றம் செய்ய விரும்புவோருக்கு நாம் கூறும் வரிசை இதுவே: முதலில் பிரேக், அடுத்து டயர், அதன் பின்னர் விளக்கு. அழகு இவற்றிற்குப் பிறகு வரட்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தவுடன் அடையாள மேடுகள் வெளிப்படும். மழைமிகும் மலையில் அதுவரை காத்திருத்தல் கூடாது. பெரிய சக்கரம் பொருத்துவோர் மொத்த உயரம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 185/60 ஆர் 15 டயரின் உயரம் ஏறத்தாழ 603 மில்லிமீட்டர். 195/50 ஆர் 16 டயரின் உயரம் 601. எனவே வேகமானி பிழை காட்டாது. அதனினும் பெரிய, கனமான சக்கரம் ஏற்றத்தில் இயந்திரத்தையும் இறக்கத்தில் பிரேக்கையும் வருத்தும்.

காரைத் தாழ்த்துவதற்காகச் சுருள்வில்லை வெட்டுவது பெருந்தவறு. வெட்டுண்ட வில் தன் இடத்திலிருந்து நழுவக்கூடும். தோட்டச்சாலையின் கல்லும் பள்ளமும் எண்ணெய்க் கலத்தை உடைத்துவிடும். கண்ணைக் கூசச்செய்யும் விளக்குகளை மூடுபனியில் ஏற்றினால், அவ்வொளி பனியில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பும். எதிரே வருபவருக்கும் தீங்கு விளையும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 2019 மே மாதம் நடப்புக்கு வந்த விதியின்படி முன்கண்ணாடி 70 விழுக்காடும், முன்பக்க ஜன்னல்கள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும். வாகன ஒலிக்கும் 1987ஆம் ஆண்டு முதல் விதிமுறைகள் உள்ளன. செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திற்குத் தெரிவிக்காவிட்டால், விபத்து நேர்கையில் இழப்பீடு கிடைக்காமற் போகலாம்.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட இளைஞர் இன்றும் அதே காரைத்தான் ஓட்டுகிறார். பெரிய சக்கரங்களை விற்று, நல்ல டயர்களும் புதிய பிரேக் கட்டைகளும் பொருத்தியுள்ளார். அவருடைய தாயாரும் மீண்டும் அதில் ஏறத் தொடங்கிவிட்டார். கார் வாங்க எண்ணியிருக்கும் தோட்டத் தோழர்கள், பணத்தை எண்ணுவதற்கு முன்னர் வீட்டில் அக்காரில் ஏறப் போகிறவர்களை எண்ணிப் பார்ப்பார்களாக.