முதலில் மேடையேறுபவர்கள்

ராக் இசைக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரே ஒரு குழுவின் பெயரைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறார். ஆனால் அரங்கின் விளக்குகள் அணைந்ததும் மேடைக்கு முதலில் வருவது பெரும்பாலும் அந்தக் குழு அல்ல. அதிகம் அறியப்படாத வேறொரு குழு அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ வாசித்துவிட்டு இறங்கி, கருவிகளை மாற்றியமைக்கும் நேரமும் கழிந்த பிறகே, அவர் யாருக்காக வந்தாரோ அவர்கள் தோன்றுகிறார்கள். முதலில் வாசிக்கும் குழுவை அமெரிக்காவில் ஓப்பனிங் பேண்ட் என்றும் பிரிட்டனில் சப்போர்ட் என்றும் சொல்வார்கள். பின்னர் வருவது ஹெட்லைனர், அதாவது சுவரொட்டியில் பெரிய எழுத்தில் பெயர் அச்சிடப்படும் முதன்மைக் குழு. இந்தத் தொடக்கக் குழு கச்சேரிக்கு வேண்டுமா, வேண்டாமா என்பது ரசிகர்களிடையே நெடுங்காலமாகத் தீராத வழக்காக இருந்துவருகிறது. வேண்டாம் என்பவர்கள் வீணாகும் நேரத்தையும், வேண்டும் என்பவர்கள் கொடுத்த பணத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் இசையையும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தக் குழுவை அங்கே நிறுத்தியவர் யார், எதற்காக நிறுத்தினார், அது ஒழுங்காகக் கேட்கும்படி மேடையை அமைத்துக் கொடுத்தாரா என்ற கேள்விகளை இரு தரப்பினருமே அதிகம் எழுப்புவதில்லை. வழக்கின் முடிச்சோ அங்கேதான் இருக்கிறது.

தொடக்கக் குழு என்பது பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட இணைப்பு அன்று. 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த இசைப் பயணங்கள் பல கலைஞர்களை ஒரே பேருந்தில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்ற கூட்டு நிகழ்ச்சிகளாக இருந்தன. ஒவ்வொருவருக்கும் சில பாடல்கள் மட்டுமே கிடைத்தன, கடைசியில் பாடுபவர் அந்த வரிசையின் உச்சமாகக் கருதப்பட்டார். 1963 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு இத்தகைய ஒரு பயணத்தில் 16 வயதுப் பாடகி ஹெலன் ஷபிரோவுக்கு முன்னால் வாசித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் பாடகர் ராய் ஆர்பிசனுடன் புறப்பட்டபோது, கூட்டத்தின் ஆரவாரம் கட்டுக்கடங்காமல் போனதால் நிகழ்ச்சியை முடித்துவைக்கும் இடம் பீட்டில்ஸுக்கே வந்து சேர்ந்தது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 55,600 பேர் கூடிய புகழ்பெற்ற கச்சேரியில் பீட்டில்ஸ் வாசித்தது சுமார் அரை மணி நேரம் மட்டுமே என்பதை இன்றைய ரசிகர் நம்பத் தயங்கலாம். சாக்ஸபோன் கலைஞர் கிங் கர்ட்டிஸும் பாடகி பிரெண்டா ஹாலோவேயும் இன்னும் சிலரும் முன்னதாக மேடையேறியிருக்காவிட்டால், அந்த மாலையைக் கச்சேரி என்று சொல்வதே கடினம்.

1960களின் பிற்பகுதியில் இந்த நிலை மாறியது. ஒலிபெருக்கி அமைப்புகள் வலுப்பெற்றன, பாடல்கள் நீண்டன, ஒரு குழு தனியாகவே இரண்டு மணி நேரத்தை நிரப்பக்கூடியதாயிற்று. நேரத்தை நிரப்பும் தேவை நீங்கியபின் தொடக்கக் குழு எதற்கு என்ற கேள்விக்கு இன்றுவரை சிறந்த விடையாக நிற்பது, நிகழ்ச்சி அமைப்பாளர் பில் கிரஹாம் சான் பிரான்சிஸ்கோவில் ஃபில்மோர் அரங்கிலும், பின்னர் ஃபில்மோர் வெஸ்ட், நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் ஆகிய அரங்குகளிலும் செய்துகாட்டியதுதான். ராக் கேட்க வந்த இளைஞர்களுக்கு ப்ளூஸ், ஜாஸ், சோல் கலைஞர்களையும் அதே இரவில் கேட்கும்படி அவர் நிகழ்ச்சிகளைக் கோத்தார். கறுப்பின மக்களின் அரங்குகளிலேயே அதுவரை பெரும்பாலும் பாடிவந்த ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் 1967இல் ஃபில்மோருக்கு வந்தபோது, நீள முடி வளர்த்த வெள்ளை இளைஞர்கள் வாசலை மொய்த்திருந்ததைக் கண்டு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று ஐயுற்றார். உள்ளே அவர்கள் அனைவரும் எழுந்து நின்று வரவேற்றபோது கண்ணீர் விட்டார். கூட்டம் தானாகத் தேடிப் போயிருக்காத ஓர் இசையைத் தகுந்த இரவில் அதன்முன் வைத்ததால் கிடைத்த வரவேற்பு அது.

கிரஹாமின் துணிச்சலான கோவைகளில் ஒன்று 1970 ஏப்ரலில் ஃபில்மோர் வெஸ்டில் நடந்தது: கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு முன்னதாக ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் தம் குழுவினருடன் வாசித்தார். டேவிஸுக்கு அப்போது 43 வயது. ஜாஸ் உலகில் அவருக்கு மேலே வைக்க ஆளில்லை எனலாம், ஆயினும் ராக் ரசிகர்களில் பலருக்கு அவர் பெயரளவில் மட்டுமே தெரிந்தவர். முன்னால் வாசிப்பது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம் ஃபில்மோர் ஈஸ்டில் ஸ்டீவ் மில்லர் குழுவுக்கு முன் வாசிக்க வேண்டியிருந்தபோது, மில்லரே முதலில் மேடையேற நேரும்படி வேண்டுமென்றே தாமதமாக வந்ததைத் தம் தன்வரலாற்றில் அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் கிரேட்ஃபுல் டெட் இரவுகள் வேறுவிதமாக அமைந்தன. அக்குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஃபில் லெஷ், மேடையோரம் நின்று டேவிஸின் வாசிப்பைக் கேட்டபின் இதற்குப் பிறகு தாங்கள் எப்படி வாசிப்பது என்று மலைத்ததைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஏப்ரல் 10 அன்று டேவிஸ் குழு வாசித்தது பின்னர் ‘பிளாக் பியூட்டி’ என்னும் இசைத்தட்டாக வெளிவந்து இன்றும் கேட்கப்படுகிறது.

1969 இறுதியில் ரோலிங் ஸ்டோன்ஸ் தம் அமெரிக்கப் பயணத்தில் பி.பி. கிங்கையும் ஐக் - டினா டர்னர் இணையரையும் தம்முன் பாடவைத்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. தாம் யாரிடமிருந்து இசையைக் கற்றார்களோ அவர்களைத் தம் ரசிகர்களுக்குக் காட்டிய செயல் அது. அந்தப் பயணத்தின் நேரடி ஒலிப்பதிவு 2009இல் விரிவாக மறுவெளியீடு செய்யப்பட்டபோது, முன்னால் பாடியவர்களின் பாடல்களுக்கென்றே ஒரு தட்டு சேர்க்கப்பட்டது.

எனினும் தொடக்கக் குழுவின் இசையைப் பெரும்பாலான ரசிகர்கள் அதன் உண்மையான உருவில் கேட்பதே இல்லை. கச்சேரி நாளின் பிற்பகலில் நடக்கும் ஒலிச் சோதனை, அதாவது சவுண்ட் செக், வழக்கமாகத் தலைகீழ் வரிசையில் நடக்கும்: கடைசியில் வாசிக்கும் முதன்மைக் குழு முதலில் கருவிகளை அமைத்து ஒலியைச் சரிபார்த்துக்கொள்ளும், இறுதியாகச் சோதிக்கப்படும் தொடக்கக் குழுவின் கருவிகள் மேடையில் அப்படியே இருக்க, அவற்றைக்கொண்டே நிகழ்ச்சி தொடங்கும். முதன்மைக் குழுவின் சோதனை நீண்டுவிட்டால் அந்த நேரம் தொடக்கக் குழுவின் பங்கிலிருந்துதான் கழியும். ஒரு பாடலைக்கூட முழுதாக வாசித்துப் பார்க்காமல் மேடையேறும் குழுக்கள் உண்டு. முதன்மைக் குழுவின் டிரம்ஸ் துணி போர்த்தப்பட்டு மேடையின் நடுவை அடைத்திருக்க, எஞ்சிய சில அடி இடத்தில் நெருக்கியடித்து நின்று, விளக்குகளில் ஒரு பகுதியையும், சில சமயம் ஒலிபெருக்கிகளின் வலுவில் ஒரு பகுதியையும் மட்டுமே கொண்டு அவர்கள் வாசிக்கிறார்கள். போதாக்குறைக்கு, காலியான அரங்கில் சரிசெய்த ஒலி, மனிதர்கள் நிறைந்ததும் மாறிவிடும், ஏனெனில் உடல்களும் உடைகளும் உயர் அதிர்வெண் ஒலிகளை உறிஞ்சிக்கொள்கின்றன; அந்த மாற்றத்தை முதலில் எதிர்கொள்வதும் இவர்களே. இவ்வளவுக்கும் பிறகு ஒலி கலங்கலாக வந்தால், குறை குழுவின் தலையில் விழுகிறது. பணத்தின் பங்கும் உண்டு: பெரிய பயணத்தில் முன்னால் வாசிக்கும் வாய்ப்பைத் தொகை கொடுத்து வாங்கும் வழக்கம் இசைத்தொழிலில் இருக்கிறது, அதற்கு பை-ஆன் என்று பெயர். அப்படி வாங்கப்பட்ட அரை மணி நேரத்தில் முதன்மைக் குழுவின் விருப்பமோ ரசனையோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை; ரசிகர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருப்பது இங்கேதான்.

தேர்வு பொருந்தாதபோது நேர்வதற்கு எடுத்துக்காட்டாக வரலாற்றில் இரண்டு நிகழ்வுகள் மறக்கமுடியாதவை. 1967 ஜூனில் மான்டெரி இசை விழாவில் கிட்டாருக்குத் தீ வைத்துப் பெயர்பெற்ற ஜிமி ஹென்ட்ரிக்ஸ், அடுத்த மாதமே, தொலைக்காட்சித் தொடரால் பதின்வயதுச் சிறுமியரின் மனங்கவர்ந்த மங்கீஸ் குழுவுக்கு முன்னால் வாசிக்க ஃப்ளோரிடாவில் மேடையேறினார். அவரை விரும்பி அழைத்தவர்கள் மங்கீஸ் கலைஞர்களே; ஆனால் கூட்டமோ அவர் வாசிக்கையிலேயே மங்கீஸ் பாடகர் டேவி ஜோன்ஸின் பெயரைச் சொல்லிக் கூவியது, ஜூலை நடுவில் நியூயார்க்கோடு ஹென்ட்ரிக்ஸ் விலகிக்கொண்டார். ஒரு பழமைவாத மகளிர் அமைப்பின் எதிர்ப்பால் அவர் நீக்கப்பட்டதாகப் பரவிய செய்தி, பத்திரிகையாளர் லிலியன் ராக்ஸன் வேடிக்கைக்காகப் புனைந்தது. 1981 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன் வந்த 23 வயதுப் பாடகர் பிரின்ஸின் மீது கூட்டம் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எறிந்து அவரை மேடையிலிருந்து இறங்கவைத்தது. மூன்றே ஆண்டுகளில் ‘பர்ப்பிள் ரெயின்’ இசைத்தட்டால் உலகமே அறிந்தவரானவர் அவர். இரண்டு இடங்களிலும் அழைத்தவர்களின் ரசனை பிழையற்றது. ஆனால் கிரஹாம் தம் அரங்குக்கு வரும் கூட்டத்தை வாரந்தோறும் புதியதைக் கேட்கப் பழக்கியிருந்தார். இங்கோ அந்தப் பழக்கம் இல்லாத கூட்டத்தின்முன் ஹென்ட்ரிக்ஸும் பிரின்ஸும் தனியே நிறுத்தப்பட்டார்கள்.

தொடக்கக் குழுவே இல்லாத கச்சேரிகளுக்கும் வலுவான நியாயம் உண்டு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1973இல் சிகாகோ என்னும் குழுவுக்கு முன்னால் பெரிய உள்ளரங்குகளில் வாசித்துப் பார்த்து, அந்த அனுபவத்தால் இனி அத்தகைய இடங்களில் முன்வாசிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தார். பிற்காலத்தில் அவருடைய சொந்தக் கச்சேரிகளில் பெரும்பாலானவை தொடக்கக் குழு இன்றியே நடந்தன. 2012 ஜூலை 31 அன்று ஹெல்சின்கியில் அவர் 4 மணி 6 நிமிடம் வாசித்தார் என்றால், அந்த இரவில் இன்னொரு குழுவுக்கு இடம் எங்கே? லெட் செப்பெலின் குழுவும் 1968 டிசம்பரில் டென்வரில் வனில்லா ஃபட்ஜ் குழுவுக்கு முன்னால் வாசித்து அமெரிக்காவில் அறிமுகமாகி, சில ஆண்டுகளில் மூன்று மணி நேரம் தனித்து வாசிக்கும் நிலைக்கு வளர்ந்தது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. 1970இல் கிரேட்ஃபுல் டெட், முழு மாலையும் தங்களுடையதே என்று அறிவித்து நடத்திய கச்சேரிகளில், முதலில் மின்கருவிகள் இல்லாமல் மெல்லிய இசை வாசித்தது. அடுத்து அதன் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா பெடல் ஸ்டீல் கிட்டாருடன் நியூ ரைடர்ஸ் என்னும் கிளைக் குழுவில் அமர்ந்தார். அதன் பிறகே முழுக் குழு மின்னிசையோடு எழுந்தது. வெளியாரை நீக்கிய பின்னும், மெல்லத் தொடங்கி மேலேறும் ஒரு பகுதி தேவைப்பட்டிருக்கிறது. அதைத் தாங்களே செய்துகொண்டார்கள். அவ்வாறு மாலை முழுவதையும் கட்டியெழுப்பத் தெரிந்தவர்களுக்குத் தொடக்கக் குழு தேவையில்லை. தொண்ணூறு நிமிடம் வாசித்துவிட்டுப் போகும் குழு அவர்களைக் காட்டித் தனியுரிமை கோருவது பொருந்தாது. அது தனக்குப் பிடித்த ஓர் இளம் குழுவை அழைத்து, நல்ல ஒலியையும் போதிய இடத்தையும் கொடுத்து, தன் ரசிகர்களுக்கு முன்கூட்டியே பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும்.

அழைத்த குழுவுக்காக நிற்பதிலும் முதன்மைக் குழுவுக்குப் பொறுப்பு உண்டு. 1992 அக்டோபர் 30 அன்று அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில், வெலெஸ் சார்ஸ்ஃபீல்ட் கால்பந்து மைதானத்தில் நிர்வானா குழு வாசித்தபோது, முன்னால் வாசிக்க அது அழைத்துவந்திருந்தது பெண்கள் மட்டுமே அடங்கிய கலாமிட்டி ஜேன் என்னும் குழுவை. கூட்டம் அவர்களை வசைபாடி, நாணயங்களையும் மண்ணையும் எறிந்து விரட்டியது. அதைக் கண்டு கொதித்த நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேன், அன்றிரவு மக்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாடலின் தொடக்க இசையைப் பலமுறை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்திவிட்டு வேறு பாட்டுக்குப் போனார். அந்தப் பாடல் அங்கே இசைக்கப்படவே இல்லை.