வளைவில்தான் வில்லங்கம்

அடம்பன் பக்கத்தில் ஒரு சின்னப் பந்தய வண்டி செய்ய நினைப்பவருக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பெற்றோல் பம்பின் எஞ்சின், பழைய ஹோண்டா சி 90 மோட்டார் சைக்கிளின் சில்லுகள், கொஞ்சம் இரும்புக் குழாய், வெல்டிங் தெரிந்த ஒரு கை. இவ்வளவும் ஊருக்குள்ளேயே கிடைக்கும். பார்க்க வருகிறவர்கள் கேட்பது "எவ்வளவு வேகம் ஓடும்?" என்பதுதான். ஆனால் செய்கிறவரை முதலில் மடக்கும் கேள்வி அதுவல்ல. வண்டி எப்படித் திரும்பும்?

ஸ்டியரிங் பூட்டினால் திரும்பாதா? பின் சில்லுகள் இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கி, அந்த அச்சைச் செயினால் சுழற்றிப் பாருங்கள். முன் சில்லுகள் திரும்பி நிற்கும், வண்டி நேரே போகப் பார்க்கும். வளையும்போது வெளிச் சில்லு உட்சில்லைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு மீற்றர் இருந்தால், கால் வட்டம் திரும்ப அந்த வித்தியாசம் 1.57 மீற்றர். கட்டுக்கரைக் குளக்கட்டின் நீண்ட வளைவானாலும் சரி, படலைக்குள் வெட்டித் திருப்பினாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. வளைவின் பருமன் இதில் வருவதேயில்லை. ஒரே அச்சில் இறுகிய சில்லுகளோ சமமாகத்தான் சுழலும். மிச்சத்தை ரயர் உராய்ந்தோ வழுக்கியோ தீர்க்க வேண்டும்.

மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் சில்லுகள் அச்சில் தனித்தனியே உருள்கின்றன, இழுப்பது மாடு. எஞ்சின் சில்லையே சுழற்றத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் வந்தது. பிரான்சில் ஒனேசிஃபோர் பெக்கர் 1820களின் பிற்பகுதியில், நீராவி வண்டிக்காக, இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும், இன்று கார் முதல் ஆட்டோ வரை இருக்கும் டிபரன்ஷலை உருவாக்கினார். நல்ல தீர்வுதான், ஆனால் பாரம்.

வயற்காரர் கையில் வேறொரு தீர்வு இருக்கிறது. லாண்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தின் கைபிடி ஒவ்வொன்றிலும் ஒரு கிளச். இடப்பக்கத்தை அழுத்தினால் இடச் சில்லுக்குப் போகும் வலு அறுபடும், வலச் சில்லு தள்ள வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் இதுவே தலைகீழாகும். அங்கே எஞ்சின் வண்டியைத் தள்ளுவதில்லை, பிடித்து நிறுத்துகிறது. விடுபட்ட சில்லு முந்தி உருள, வண்டி மறுபக்கம் இழுக்கும். நெல் மூட்டையோடு குளக்கட்டிலிருந்து இறங்குகிறவருக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. கை தானாக மாற்றிப் பிடிக்கும்.

கார்ட் எனப்படும் சின்னப் பந்தய வண்டியின் கதை 1956 இல் கலிபோர்னியாவில் தொடங்குகிறது. பந்தயக் கார் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ், புல்வெட்டும் இயந்திரத்துக்கான சிறு எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பூட்டி ஓட்டினார். இன்றைய கார்ட்டுகளில் டிபரன்ஷலும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. பின்னே ஒரே அச்சு. அவை செய்யும் வித்தை, வளைவில் உட்புறப் பின் சில்லை நிலத்திலிருந்து தூக்கிவிடுவது. முன் சில்லு திரும்பும் ஊசியைப் பின்பக்கம் சாய்த்து வைத்திருப்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உட்புற முன் சில்லு கீழே அழுத்த, சட்டத்தின் அந்த மூலை உயர்கிறது. பாரம் மூலைவாக்காக மாற, உட்புறப் பின் சில்லு மேலே எழும்புகிறது. ஒரு சில்லு காற்றில் நின்றால் சண்டைக்கு ஆளில்லை. இதற்குச் சட்டம் அளவாக முறுகிக் கொடுக்க வேண்டும். "உறுதியாக இருக்கட்டும்" என்று குறுக்கே இன்னும் நாலு குழாய் வைத்து ஒட்டினால், உறுதி வரும், வளைவு போய்விடும்.

சரி, அப்படியொரு கார்ட்டை இங்கே செய்யலாமா? என் எண்ணம், வேண்டாம். அதன் சில்லின் றிம் ஐந்து அங்குலம், சட்டம் நிலத்தைத் தொடாத குறை. அதற்குத் தார்த்தளம் வேண்டும். இந்தப் பக்கத்து நிலம் காய்ந்தால் வெடிக்கும் களி. முன்பு காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குப் போனது அயலிலுள்ள முருங்கனின் களிமண்தான். காலபோக அறுவடை முடிந்த வயல் வெடிப்பில் சிறு சில்லு விழுந்து நிற்கும், பெரிய சில்லு கடந்து போகும்.

அதனால் பழைய பாணி வண்டிதான் இந்த மண்ணுக்கு ஏற்றது. கலிபோர்னியாவின் ஸ்டீவன்சன் குடும்பத்தினர் இதற்கு வழிகாட்டினார்கள். 1920, 30களின் பந்தயக் கார் வடிவம், 17 அங்குல மோட்டார் சைக்கிள் சில்லுகள், 200 சிசி அளவிலான சிறு எஞ்சின். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி தொடங்கிய 1934 ஆம் ஆண்டுக் கார்களின் சாயல் அதில் தெரியும்.

மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்வதால் விசை சில்லின் தளத்தோடு போகிறது. நாலு சில்லு வண்டி சாயாது; சில்லின் கம்பிகளைப் பக்கவாட்டு விசை வளைக்கப் பார்க்கும். ஒல்லியான ரயர் அதற்கு முன்பே வழுக்கிவிடுவது ஒரு பாதுகாப்பு. அச்சில் கஞ்சத்தனம் கூடாது. மோட்டார் சைக்கிளில் இரு பக்கமும் தாங்கப்பட்ட சில்லு, இங்கே ஒரு பக்கத்தில் மட்டும் தொங்குகிறது. அச்சின் விட்டத்தை ஒன்றரை மடங்காக்கினால், வளையாமல் தாங்கும் வலு மூன்று மடங்குக்கு மேல் கூடும்.

இனி வேகம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்று. கிளச்சில் 10 பல், சில்லில் 60 பல் என்றால் சில்லு 600 தரம் சுழலும். ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.73 மீற்றர். கணக்குப்படி மணிக்கு 62 கிலோமீற்றர். மண்ணும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தின்னும். இருக்கை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது அதுவே போதும் போதும் என்றாகும். கூடுதல் ஆசையில், எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றினால் எஞ்சின் உள்ளே உடையலாம்.

திரும்பும் கேள்விக்கு இந்த வண்டியின் விடை, ஒரு பின் சில்லை மட்டும் செயினால் ஓட்டுவது. மற்றது மாட்டுவண்டிச் சில்லுப் போலத் தானே உருளும். ஆனால் பிரேக் இரண்டுக்கும் வேண்டும், இல்லையேல் வண்டி ஒருபக்கமாக இழுத்துச் சுழலும். வலச் சில்லை ஓட்டினால் இடப்பக்க வளைவில் பாரம் அதன்மேல் ஏறி நன்றாகப் பிடிக்கும். வலப்பக்க வளைவில் பாரம் குறைந்து புழுதி கிளப்பும். ஆகவே வயலைச் சுற்றுவதென்றால் வரம்பு எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கட்டும்.