அத்தகாரு, காந்தம், சீதாப் பாட்டி: குடும்ப நகைச்சுவைக் கதைகளில் மரியாதை விகுதி

ஐதராபாத்தில் 1957இல் நிறுவப்பெற்று 1983 வரை இயங்கிய ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி, தமிழர் நன்கறிந்த ஒரு திரைக்கலைஞரைச் சிறுகதையாசிரியராக ஏற்றுப் பரிசளித்துப் பாராட்டியது. அவர் 2005இல் மறைந்த பி. பானுமதி. நூல் 'அத்தகாரி கதலு', அதாவது மாமியார் கதைகள். நடிகையாகவும் பாடகியாகவும், 1953இல் 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கியவராகவும் பானுமதியைத் தமிழ்நாடு அறியும். ஆயின் தெலுங்கு வாசகரின் வீடுகளில் அவருக்குள்ள இடம் பெரிதும் இக்கதைகளால் அமைந்தது என்பது இங்கு அவ்வளவாக அறியப்படவில்லை.

குடும்ப நகைச்சுவை என்றாலே அதனை இலக்கிய வரலாற்றின் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்விடுவது நம் திறனாய்வாளரின் வழக்கம். பெண்களே முதன்மைப் பாத்திரங்களாக அமைந்து, சமையலறையும் கூடமும் களமாக அமைந்தால் திண்ணைகூடக் கிடைப்பதில்லை. இத்தகைய கதைகளில் நகை எங்கிருந்து பிறக்கிறது என்பதை மொழிநிலையில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வினைமுற்றின் ஈறு போன்ற மிகச் சிறிய ஒன்று இதில் ஆற்றும் பங்கு வியப்பூட்டுவதாகும்.

ஒருத்தியும் இருவரும்

முதலில் தெலுங்கு வினையின் இயல்பை நினைவுகூர்தல் வேண்டும். தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என மூவகை ஒருமை முற்றுகள் உள. தெலுங்கில் ஆணுக்கு 'வச்சாடு' என்னும் முற்று தனியே உண்டு. பெண்ணுக்கெனத் தனி முற்று இல்லை. 'ஆமெ வச்சிந்தி' என்றால் அவள் வந்தாள். 'ஆவு வச்சிந்தி' என்றால் பசு வந்தது. இரண்டுக்கும் வினை ஒன்றே. பன்மையிலோ நிலை தலைகீழாகிறது. இரு பெண்கள் வந்தால் 'வச்சாரு' எனப்படும். அதுவே ஆடவர் பலருக்கும் உரிய முற்று. தனித்து வரும் பெண் அஃறிணையோடும், தோழியுடன் வருபவள் மக்கட் பன்மையோடும் சேர்கின்றனர். இதில் உட்பொருள் தேடுவது இலக்கணத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் பெண்களின் நட்பைப் பற்றி எழுதும் தெலுங்குக் கதாசிரியர் எவரும் இதை எண்ணி ஒருமுறையேனும் புன்னகை செய்திருப்பர் என்று நம்பத் தோன்றுகிறது.

மரியாதைப் பன்மை இங்கேதான் வந்து நிற்கிறது. 'அத்த' என்னும் சொல்லோடு 'காரு' சேர்ந்தால், அவர் ஒருவரே ஆயினும் வினை 'வச்சாரு' என்றாகும். தமிழில் வந்தாள் என்பது வந்தார் என்றாவது உயர்திணைக்குள்ளேயே ஒரு படி ஏற்றம். தெலுங்கில் அது பசுவுக்குரிய முற்றிலிருந்து பலர்க்குரிய முற்றுக்குத் தாவும் பெரும் தாவல். 'அத்த' என்பது தமிழின் 'அத்தை' போலவே தந்தையின் உடன்பிறந்தாளையும் கணவனின் தாயையும் ஒருங்கே குறிக்கும். முறைப்பெண், முறைமாப்பிள்ளை மண உறவு இரு சமூகங்களுக்கும் பொதுவாகையால் இச்சொல்லொற்றுமை இயல்பே. தெலங்காணாப் பேச்சில் 'அத்தம்ம' என்பதும் பரவலாக வழங்குகிறது. ஆனால் பானுமதி தம் நூலுக்குத் தேர்ந்த வடிவம் 'அத்தகாரு'. அதன் வேற்றுமை வடிவமே தலைப்பிலுள்ள 'அத்தகாரி'. மாமியார் சொன்ன கதைகளா, மாமியாரைப் பற்றிய கதைகளா என்னும் ஐயம் அவ்வடிவிலும் உண்டு, 'மாமியார் கதைகள்' என்னும் தமிழ் வடிவிலும் உண்டு.

மருமகள் சொல்லும் கதை

இக்கதைகளைச் சொல்பவள் மருமகள். படித்தவள், உலகமறிந்தவள், வாயடக்கம் உள்ளவள். மாமியாரோ மடி, ஆசாரங்களில் ஊன்றியவர். வீட்டின் ஆட்சியைத் தம் கையில் வைத்திருப்பவர். எல்லாம் தமக்குத் தெரியும் என்ற உறுதியும், எவரும் எளிதில் ஏமாற்றிவிடக்கூடிய வெள்ளை மனமும் ஒருங்கே வாய்த்தவர். அவருடைய ஆணையால் ஏதேனும் ஒன்று தொடங்கும். அது அவர் எண்ணியதற்கு நேர்மாறாக முடியும். மருமகள் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்வதில்லை. மாமியார் அருளியதை அவருடைய பெருமை விளங்கவே எடுத்துரைக்கிறாள். வரிதோறும் 'காரு' வருகிறது. வினைதோறும் மரியாதைப் பன்மை வருகிறது. அந்த மரியாதை ஏற ஏற நகையும் ஏறுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் கூறும். இவற்றுள் பேதைமைக்கும் மடனுக்கும் வேறுபாடு யாது என்னும் வினா எழும். பேதைமை அறிவின்மை, மடனோ, கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல். உரையாளர் வகுத்த இந்நுண்ணிய வேறுபாட்டுக்கு இக்கால எடுத்துக்காட்டுத் தேவையாயின் பானுமதியின் அத்தகாருவைத் தயங்காது காட்டலாம். அவர் அறிவற்றவர் அல்லர். இளமையில் கற்றதை விடாதவர், அவ்வளவே. எள்ளலுக்கு இங்கு இடமிருந்தும் மருமகள் அதனைக் கையாள்வதில்லை. அவள் கையாண்டிருந்தால் கதை புகாராகியிருக்கும்.

அஃது எளிய செய்தியன்று. மாமியார், மருமகள் உறவு இந்நாட்டில் நகைக்கு மட்டும் களமன்று. மருமகளுக்குக் கணவனோ அவன் உறவினரோ இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கி இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்க்கப்பட்டது 1983இல். அதற்குத் தேவை நேர்ந்த அதே காலத்துச் சமூகமே மாமியார் கதைகளைப் படித்துச் சிரித்தது. திரையிலும் இவ்வுறவின் கடுமுகம் பேருரு எடுத்திருந்தது. 1962இல் வெளிவந்த 'குண்டம்ம கத'வில் குண்டம்மாவாக நடித்த சூர்யகாந்தம், கொடிய மாமியார் வேடங்களால் அடைந்த புகழின் விளைவாக, ஆந்திரத்தில் பெண் குழந்தைக்கு அப்பெயரிட அஞ்சுவர் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பானுமதியின் நூலை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். பாத்திரத்தைக் கொடியவராக்காமலும் தெய்வமாக்காமலும், அதிகாரத்தின் கீழ் வாழ்பவளே அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு முறையை அவர் கண்டார். அச்சிரிப்பு மருமகளின் நிலையை மாற்றியதா என்று கேட்டால், கதைக்குள் மாற்றவில்லை. சாவி மாமியாரிடமே இருக்கிறது. கதையைச் சொல்லும் உரிமை மட்டும் கைமாறியிருக்கிறது.

கணவன் சொல்லும் கதை

இதற்கு முந்தைய தலைமுறையில் தெலுங்கின் புகழ்பெற்ற நகைச்சுவைப் பெண் பாத்திரம் 'காந்தம்'. முனிமாணிக்கம் நரசிம்மராவ் (1898-1973) என்னும் பள்ளியாசிரியர் படைத்தது. கதைகளைச் சொல்பவன் கணவன், அவனும் ஆசிரியன், வருவாய் குறைவு, கற்பனை மிகுதி. காந்தம் அவனுடைய ஒவ்வொரு பெருமிதத்தையும் ஒரு சொல்லால் தரையில் இறக்கிவிடுவாள். இங்கே வினைமுற்று மனைவிக்குரிய மரியாதையற்ற ஒருமை. இலக்கணம் அவளைக் கீழே வைக்கிறது. அறிவு மேலே ஏற்றுகிறது. அத்தகாருவின் கதைகளில் இலக்கணம் மேலே ஏற்றுகிறது; நிகழ்ச்சி கீழே இறக்குகிறது. இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள் எனலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. காந்தத்தின் வெற்றியைக் கணவன் தன் பெருந்தன்மையால் நமக்குச் சொல்கிறான். அவன் சொல்லாவிடில் அது நமக்குத் தெரியாது. பெண் எழுதிய பெண் கதைகளில் அந்த இடையீட்டாளன் இல்லை.

பொத்தூரி விஜயலட்சுமியின் 'பிரேமலேக' என்னும் நாவல் இன்னும் ஒரு படி செல்கிறது. ஐதராபாத்திலிருந்து வெளிவந்த 'சதுர' மாத இதழில் வந்த இந்நாவலைத் தழுவி ஜந்தியால 1984இல் எடுத்த படம் 'ஸ்ரீவாரிகி பிரேமலேக'. முகமறியாத ஒருவனுக்கு ஒரு பெண் விளையாட்டாக எழுதிய காதல் கடிதம், உண்மையாகவே ஒருவன் கையிற் சேர்கிறது. எழுதியவளைத் தேடி அவன் அலைகிறான். படத்தின் தலைப்பில் கூடுதலாகச் சேர்ந்த 'ஸ்ரீவாரு' என்பது கணவனை மனைவி குறிக்கும் மரியாதைச் சொல். இன்னும் யாரென்றே தெரியாத கணவனுக்கு மரியாதை மட்டும் முன்கூட்டியே தயாராக இருக்கிறது! தலைப்பிலேயே நகை முழுமை பெற்றுவிட்டது. வெள்ளித்திரையில் பார்த்த கதையைத் தலைப்பெழுத்துகள் தொடங்கி ஒன்றுவிடாமல் ஒப்பிக்கும் பெண்ணாக அப்படத்தில் ஸ்ரீலட்சுமி நடித்த பகுதியை ஆந்திரத்தார் இன்றும் நினைவிற்கொண்டு சிரிப்பர்.

ஐதராபாத்தின் மற்றொரு நகைமரபு தக்கினி உருதுவினுடையது. 1962இல் தோன்றிய 'ஜிந்தா திலான்-இ-ஹைதராபாத்' அமைப்பும் 1968இல் தொடங்கிய 'ஷகூஃபா' இதழும் அதற்குச் சான்று. இல்லை என்பதற்கு 'நக்கோ', ஆம் என்பதற்கு 'ஹவ்' என்று பேசும் அவ்வழக்கில் மாமியார், மருமகள் சண்டை கவியரங்க மேடையிலும் ஏறியது. அது தனியே ஆராயத்தக்கது.

தமிழுக்கு வரும்போது

பாக்கியம் ராமசாமி என்ற பெயரில் ஜ.ரா. சுந்தரேசன் (மறைவு 2017) குமுதத்தில் எழுதிய அப்புசாமி, சீதாப் பாட்டி கதைகள் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கவை. தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் இணைத்துப் புனைபெயராக்கியவர் படைத்த வீட்டில் ஆட்சி சீதாப் பாட்டியுடையது. பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் தலைவி அவர். ஆங்கிலம் சரளமாக வரும். பணமும் திட்டமும் அவர் கையில். அப்புசாமிக்கோ ரசகுண்டு, பீமாராவ் ஆகிய நண்பர்களும் முடிவற்ற வம்புகளுமே சொத்து. ஆயினும் ஆசிரியர் கூற்றில் அப்புசாமிக்கு 'ஆர்' ஈறு. பாட்டிக்கு 'ஆள்' ஈறு. வீட்டை ஆள்பவளுக்கு ஆள், ஆளப்படுபவருக்கு ஆர். இது ஆசிரியர் வேண்டுமென்றே செய்ததன்று. தமிழ்க் கதைமொழியின் பொது வழக்கு. தி. ஜானகிராமன் நாவலின் தலைப்பும் 'அம்மா வந்தாள்' என்றே அமைந்தது.

பானுமதியின் கதைகளைத் தமிழாக்க முனைபவருக்கு இவ்வழக்கே இடர். 'மாமியார்' என்பதில் 'ஆர்' இருந்தும் 'மாமியார் சொன்னாள்' என்று தமிழில் எழுதிவிட இயலும். பலர் அவ்வாறே எழுதுகின்றனர். பெயரில் ஏற்றிய மரியாதையை வினையில் இறக்கிவிடும் இவ்வாக்கியத்தைத் தெலுங்கு மருமகள் சொல்லமாட்டாள். மொழிபெயர்ப்பாளர் 'சொன்னாள்' என எழுதிய அக்கணமே மருமகளின் குரலில் எள்ளல் புகுந்துவிடுகிறது. மூலம் கவனமாகத் தவிர்த்த ஒன்று அது. 'சொன்னார்' என்று நூல் முழுதும் எழுதினாலோ, பேச்சுநடைக்குப் பழகிய தமிழ்க் காதுக்கு அது சற்று விறைப்பாக ஒலிக்கும். அவ்விறைப்பே இங்கு வேண்டப்படுவது. கண்டோன்மென்ட் காலந்தொட்டுச் செகந்தராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இரு மொழிகளையும் வீட்டிலேயே கேட்டு வளர்பவை. அவர்தம் பேச்சில் அத்தை வந்தாளா, வந்தாரா என்பதைக் கள ஆய்வாகக் குறித்துவைத்தால், இம்மொழிபெயர்ப்புக்கு எந்த அகராதியும் தராத துணை கிடைக்கும்.