சிறுவர் சித்திரமும் கணிப்பொறியும்

மலை ஒன்றை வரைக என்று ஆசிரியர் பணித்தால் நம் நாட்டுச் சிறுவர் பெரும்பாலோர் என்ன வரைகின்றனர்? இரண்டு முக்கோணங்கள், அவற்றின் இடையே எழும் ஞாயிறு, அடியில் ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசையும் தென்னையும். சமவெளியில் வாழும் பிள்ளை இவ்வாறு வரைவதில் வியப்பில்லை. ஆனால், சேர்வராயன் மலைமேல், ஏர்க்காட்டு வட்டாரத்து வாழவந்தியில் வாழும் பிள்ளையும் இதனையே வரையுமாயின், அது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

அம்மலையின் தோற்றமே வேறு. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் மேட்டு நிலம் அது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820ஆம் ஆண்டளவில் அங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். இன்று சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள் தழைக்கின்றன. அம்மரங்களைப் பற்றி மிளகுக் கொடிகள் ஏறுகின்றன. அடுத்த மரம் தெரியாதபடி மூடுபனி கவிகின்றது. இவற்றையெல்லாம் நாள்தோறும் காணும் கண்ணுக்கும், முக்கோணத்தை வரையும் கைக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கின்றது. சிறுவர் கைக்கு இன்று வந்துள்ள கணிப்பொறி அவ்விடைவெளியைக் குறைக்குமா, கூட்டுமா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

கணிப்பொறித் திரையில் கையால் வரையலாம் என்பதை 1963ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் தம் படைப்பால் மெய்ப்பித்துக் காட்டினார். அது அறிஞர்க்கு உரிய கருவி. குழந்தைக்கென ஒரு கருவி பிறக்கப் பின்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. பெரியவர்களுக்கான ஓவிய மென்பொருளில் தம் மூன்று வயது மகன் வழி தெரியாது திகைப்பதைக் கண்ட கிரெய்க் ஹிக்மன் என்பவர், 1989ஆம் ஆண்டில் ‘கிட் பிக்ஸ்’ என்னும் எளிய மென்பொருளை உருவாக்கினார். அவ்வழியில் 2002ஆம் ஆண்டில் பில் கென்டிரிக் என்பவர் ‘டக்ஸ் பெயிண்ட்’ என்பதை ஆக்கி, எவரும் விலையின்றிப் பெறுமாறு உலகிற்கு அளித்தார். அது தமிழிலும் இயங்குகின்றது. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஏழாம் வகுப்பு அறிவியல் நூலிலும் அது பாடமாக இடம்பெற்றது.

இத்தகைய மென்பொருள் எவ்வாறு இயங்குகின்றது? திரை என்பது நுண்ணிய புள்ளிகளால் ஆயது. 800 புள்ளி அகலமும் 600 புள்ளி உயரமும் உடைய படத்தில் 4,80,000 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளும் எந்த அளவில் கலத்தல் வேண்டும் என்பதைக் கணிப்பொறி எண்களாகக் குறித்து வைக்கின்றது. பிள்ளை சுட்டியை நகர்த்தும்போது மாறுவன அவ்வெண்களே. மாறுவதற்கு முன்னிருந்த நிலையையும் கணிப்பொறி சேமித்து வைப்பதால், பிழைபட்ட கோட்டை ஒரே அழுத்தத்தில் நீக்கி முந்தைய நிலைக்கு மீளலாம். இது சிறிய வசதி அன்று. தாள் கெட்டுவிடும், வண்ணம் தீர்ந்துவிடும் என்னும் அச்சம் நீங்கிய கை, முக்கோணத்தை விட்டுப் புதிய கோட்டை முயன்று பார்க்கத் துணியும்.

ஆயினும் இக்கருவியில் ஓர் இடரும் உண்டு. ‘முத்திரை’ என்னும் பகுதியில் விலங்கு, மரம், பழம் முதலிய ஆயத்தப் படங்கள் அடுக்கப்பட்டுள்ளன. தொட்டால் போதும், படம் திரையில் பதிந்துவிடும். எங்கோ ஒருவர் வரைந்த மரம், எல்லாப் பிள்ளைகளின் தோட்டத்திலும் ஒரே வடிவில் நிற்கும். பழைய முக்கோணமேனும் பிள்ளை தன் கையால் இட்ட கோடு; முத்திரையில் அதுவும் இல்லை.

இவ்விடருக்கு மருந்தும் அக்கருவியிலேயே உள்ளது. முத்திரைகளை வைத்திருக்கும் கோப்புறையில் நாமும் நம் படங்களைச் சேர்க்கலாம். வாழவந்திப் பிள்ளை ஒன்று காப்பிக் கிளையை உற்று நோக்கி, இலைகள் எதிரெதிராக அமைந்திருப்பதையும், அவற்றின் கணுக்களில் காய்கள் கொத்தாகச் செறிந்திருப்பதையும் கண்டு வரையட்டும். அப்படத்தை ஆசிரியர் முத்திரையாகச் சேர்க்கட்டும். அப்பொழுது வகுப்பின் முத்திரைப் பெட்டி அவ்வூரின் பெட்டியாகிவிடும்.

தனிப்படத்திலிருந்து படக்கதைக்குச் செல்வதும் எளிதே. 1960ஆம் ஆண்டில் தினத்தந்தியில் தொடங்கிய ‘கன்னித்தீவு’, 1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் ஆகியவற்றால் தமிழர் இக்கலையை நன்கறிவர். டக்ஸ் பெயிண்டில் வரைந்த படங்களை வரிசைப்படுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் காட்டலாம், எழுத்தும் சேர்க்கலாம். முதற்படத்தில் காப்பியின் வெண்மலர். இரண்டாவதில் சிவந்த பழம். மூன்றாவதில் பழம் பறிக்கும் தாயின் கை. நான்காவதில் களத்தில் உலரும் கொட்டை. மலருக்கும் பழத்திற்கும் இடையே கழிந்த மாதங்களைக் காண்போர் தாமே உணர்ந்துகொள்வர். எதை வரைவது, எதை விடுவது என்று தேர்வதே படக்கதையின் உயிர். அத்தேர்வை வரைபவரே செய்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! மென்பொருள் கைக்கு வேகத்தையும் துணிவையும் தரும். எதைக் காண்பது என்பதை அது கற்பிக்காது. ஆகவே, திரையின்முன் அமருமுன் பள்ளிக்கு வெளியே சென்று ஒரு மரத்தைக் கால் நாழிகை நோக்குங்கள். அதன்பின் முத்திரையைத் தொடாமல் அம்மரத்தை வரைந்து பாருங்கள்.